வசதியான நட்பு நாட்டுக்கு ஆண்டுக்கு 380 கோடி டாலர்: அமெரிக்க ராணுவ நிதியுதவித் திட்டம், ஒரு மதிப்பாய்வு

இங்கே மதிப்பாய்வுக்கு எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்க அரசு நடத்தும் வெளிநாட்டு ராணுவ நிதியுதவித் திட்டம். வாஷிங்டன் வட்டாரத்தில் சுருக்கமாக எஃப்.எம்.எஃப். என்பார்கள். பல நாடுகள் இதில் பயன்பெற்றாலும் பெரிய பங்கு இஸ்ரேலுக்குத்தான் போகிறது. அடுத்த இடம் எகிப்துக்கு: 1987 முதல் ஆண்டுக்கு 130 கோடி டாலர். எகிப்துக்குப் போவது ஏழ்மையான நாட்டுக்குத் தரும் உதவி, இஸ்ரேலுடன் செய்துகொண்ட 1979 சமாதான உடன்படிக்கையின் விலை என்று ஒரு கணக்கு சொல்லலாம். இஸ்ரேலின் கதை வேறு. அது பணக்கார நாடு. பணக்கார நட்பு நாட்டுக்கு ஓர் அரசு இலவசமாகப் பணம் தரலாமா என்ற கேள்வியை இந்த ஒரு திட்டத்தை வைத்தே முழுசாகச் சோதித்துப் பார்த்துவிடலாம். அதனால் அந்தக் கிளையை மட்டும் பிரித்துப் பார்க்கிறோம்.

நடப்பு ஒப்பந்தம் 2016 செப்டம்பர் 14-ல் கையெழுத்தானது. 2019 நிதியாண்டு முதல் 2028 நிதியாண்டு வரை பத்து ஆண்டுகளுக்கு மொத்தம் 3,800 கோடி டாலர். அதில் 3,300 கோடி எஃப்.எம்.எஃப். மானியம், மீதி 500 கோடி ஏவுகணைத் தடுப்புக்கு. ஆண்டுக் கணக்கில் 330 கோடியும் 50 கோடியும். இதற்கு முந்தைய பத்தாண்டு ஒப்பந்தம் 3,000 கோடி. அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குவதால் இப்போதைய ஒப்பந்தம் முடியும் நாள் 2028 செப்டம்பர் 30.

இதில் மூன்று தரப்பு இருக்கிறது. பணம் கட்டுபவர் அமெரிக்க வரி செலுத்துபவர். பொருளை வாங்கிக்கொள்வது இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சகம். கல்லாவில் உட்கார்ந்திருப்பவை அமெரிக்க ஆயுத நிறுவனங்கள். ஒவ்வொருவர் இடத்திலிருந்தும் மதிப்பெண் வேறுபடும். வாங்குபவருக்கு ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். விற்பவருக்கு ஐந்துக்கு ஐந்து. பணம் கட்டுபவருக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க முடியாது. அந்த இரண்டும் பெரும்பாலும் ஏவுகணைத் தடுப்புப் பகுதிக்காக.

முதலில் 'பணக்கார நாடு' என்பதை உறுதி செய்துகொள்வோம். இஸ்ரேலின் தலைக்கான ஜி.டி.பி. 50,000 டாலரைத் தாண்டிவிட்டது. இது பிரான்சைவிட அதிகம். உலக வங்கிப் பட்டியலில் உயர் வருமான நாடு. 2010-ல், பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் இருக்கும் ஓ.இ.சி.டி. அமைப்பில் சேர்ந்தது. வளர்ச்சி உதவி பெறத் தகுதியுள்ள நாடுகளின் பட்டியலை அந்த அமைப்பின் உதவிக் குழு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திருத்துகிறது; தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உயர் வருமான வரம்புக்கு மேல் இருக்கும் நாட்டின் பெயர் அதிலிருந்து நீங்கிவிடும். இஸ்ரேல் அந்தப் பட்டியலை விட்டு வெளியேறிப் பல காலமாகிவிட்டது. ராணுவ உதவி வளர்ச்சி உதவிக் கணக்கில் சேராது. அதனால் இந்த வடிகட்டி எஃப்.எம்.எஃப்.-ஐத் தொடுவதே இல்லை. திட்டத்தின் முதல் வடிவமைப்புக் குறை இங்கேதான் தொடங்குகிறது: வருமானத்தைப் பார்த்து உதவியைக் குறைக்கும் எந்த விதியும் இதற்குள் கிடையாது.

இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2024-ல் இஸ்ரேலின் ஆயுத ஏற்றுமதி 1,480 கோடி டாலரை நெருங்கியது. அமெரிக்கா தரும் 330 கோடியைப் போல நான்கு மடங்குக்கும் மேல். 2023-ல் ஜெர்மனி வாங்க ஒப்பந்தம் போட்ட ஆரோ-3 தடுப்பு ஏவுகணை அமைப்பின் விலை மட்டும் சுமார் 350 கோடி. ஆயுதம் விற்றுச் சம்பாதிக்கும் நாட்டுக்கு ஆயுதம் வாங்க இலவசப் பணம் தருகிறோம் என்பதைத் திட்டத்தை ஆதரிப்பவர்களும் எதிர்கொண்டாக வேண்டும்.

பணம் எப்படி நகர்கிறது

மேலே சொன்ன 2016 ஒப்பந்தம் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம், உடன்படிக்கை அல்ல. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸை அது சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஒவ்வோர் ஆண்டும் வெளியுறவு ஒதுக்கீட்டுச் சட்டத்தில் பணத்தைத் தனியாக ஒதுக்க வேண்டும். அந்தச் சட்டத்தில் இஸ்ரேலுக்கான வாசகத்தைத் தேடிப் படியுங்கள், நீளமானதல்ல: 330 கோடி டாலருக்குக் 'குறையாமல்' இஸ்ரேலுக்கு மானியமாக மட்டுமே தர வேண்டும், சட்டம் நிறைவேறிய 30 நாளுக்குள் விடுவிக்க வேண்டும். இந்தத் திட்டத்தின் குணம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. 'குறையாமல்' என்பது தரை. கூரை எங்கும் போடப்படவில்லை. 'மானியமாக மட்டுமே' என்பதால் கடனாக மாற்ற நிர்வாகத்துக்கு வழியில்லை. '30 நாளுக்குள்' என்பதால் ஆண்டின் நடுவில் நிறுத்திவைக்க மானியத் தொகை அரசின் கையில் இருக்காது.

அந்த 30 நாள் விதியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பெரும்பாலான நாடுகளுக்கு எஃப்.எம்.எஃப். பணம் அமெரிக்கக் கருவூலத்திலேயே இருக்கும். இன்வாய்ஸ் வரும்போது மட்டும் எடுத்துக் கொடுப்பார்கள். இஸ்ரேலுக்கோ ஆண்டுத் தொகை மொத்தமாக நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் வட்டி தரும் கணக்கில் போடப்படுகிறது. அந்த வட்டியை இஸ்ரேல் அமெரிக்காவுக்குத் திருப்பித்தர வேண்டிய பழைய கடன்களை அடைக்கப் பயன்படுத்தி வந்திருக்கிறது. அமெரிக்கா பற்றாக்குறை பட்ஜெட் நடத்தும் நாடு. தானே கடன் வாங்கிய பணத்தை முன்கூட்டியே எடுத்து இன்னொருவர் கணக்கில் வைத்து, அதில் விளையும் வட்டியால் தனக்கு வரவேண்டிய கடனை அடைக்க விடுகிறது. 330 கோடியும் ஓராண்டு முழுவதும் 4 சதவீத வட்டியில் கிடப்பதாக வைத்துக்கொண்டால் 13 கோடி டாலர். உண்மையில் பணம் படிப்படியாக எடுக்கப்படும், அதனால் வட்டி அதைவிடக் குறையும். ஆனாலும் தலைப்புத் தொகையில் சேராத செலவு இது என்பதில் மாற்றமில்லை.

பணம் வந்த பிறகு வாங்கும் முறை இரண்டு. அரசுக்கும் அரசுக்கும் இடையிலான விற்பனையில், வாங்கும் நாடு முதலில் கோரிக்கைக் கடிதம் அனுப்பும். பென்டகனின் பாதுகாப்பு ஒத்துழைப்பு முகமை விலையும் கால அட்டவணையும் போட்டு விற்பனைக் கடிதம் தரும். இரு தரப்பும் கையெழுத்திட்டால் அமெரிக்க அரசே நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்யும். இதற்கு 3.2 சதவீத நிர்வாகக் கட்டணம் உண்டு. இரண்டாவது முறை நேரடி வணிக ஒப்பந்தம். எஃப்.எம்.எஃப். பணத்தை வைத்து அமெரிக்க நிறுவனத்திடம் நேரடியாக வாங்கிக்கொள்ளும் உரிமை பத்து நாடுகளுக்கு மட்டும்தான் இருக்கிறது, இஸ்ரேல் அதில் ஒன்று. நியூயார்க்கில் இயங்கும் இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சகத்தின் கொள்முதல் அலுவலகம் இந்த வேலையைப் பார்க்கிறது. பேரம் பேசும் சுதந்திரம் வாங்குபவருக்கு, பில் கட்டுவது வரி செலுத்துபவர்.

பெரும்பாலோர் கவனிக்காத ஒரு விதி இருக்கிறது. ஓர் ஆயுதத்தை உருவாக்க அமெரிக்கா செய்த ஆராய்ச்சிச் செலவில் ஒரு பங்கை, அதை வாங்கும் வெளிநாட்டிடம் வசூலிப்பது வழக்கம். ஆனால் முழுக்க மானியப் பணத்தில் நடக்கும் விற்பனைக்கு அந்தப் பங்கை வசூலிக்க வேண்டியதில்லை என்று 1976-ன் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் சொல்கிறது. சொந்தக் காசு போட்டு வாங்கும் நாட்டுக்கு இந்த விலக்கு தானாகக் கிடைக்காது, கேட்டு வாங்க வேண்டும். இலவசப் பணத்தில் வாங்குபவருக்கு விலையும் குறைகிறது என்றால், உதவியின் உண்மை அளவு 330 கோடிக்கு மேல்.

எது நன்றாக வேலை செய்கிறது

நிச்சயத்தன்மை. பத்தாண்டுக்கு எவ்வளவு வரும் என்று முன்பே தெரிந்த விமானப்படை சிக்கனமாகத் திட்டமிட முடியும். போர் விமானம் ஆர்டர் கொடுத்த மறுநாள் கிடைப்பதில்லை. 2024 நவம்பரில் இஸ்ரேல் போயிங்குடன் 25 எஃப்-15 ஐஏ விமானங்களுக்கு 520 கோடி டாலரில் ஒப்பந்தம் போட்டது. அவை வந்துசேரத் தொடங்குவது 2031-ல். இப்படிப்பட்ட கொள்முதலை ஆண்டுக்காண்டு பட்ஜெட்டை நம்பிச் செய்தால் விலையும் கூடும், வரிசையில் இடமும் போய்விடும்.

ஏவுகணைத் தடுப்புக்கான 50 கோடி இன்னும் நல்ல கணக்கு. குறுந்தூர ராக்கெட்டுகளை வானிலேயே மறித்து அழிக்கும் அயர்ன் டோம் அமைப்பை உருவாக்கியது இஸ்ரேல். அமெரிக்கப் பணம் 2011-ல் அதற்குள் வந்தது. 2014-ல் கூட்டு உற்பத்தி உடன்பாடு வந்த பிறகு டமிர் தடுப்பு ஏவுகணையின் பாகங்கள் அமெரிக்காவிலும் தயாராகின்றன. ஒரு டமிரின் விலை 40,000 முதல் 50,000 டாலர் என்று சொல்லப்படுகிறது. இந்த வகை ஆயுதத்துக்கு அது மலிவு. 2019-ல் அமெரிக்கத் தரைப்படையே இரண்டு அயர்ன் டோம் பேட்டரிகளை (ரேடாரும் ஏவுகலங்களும் சேர்ந்த தொகுதிகளை) வாங்கியது. ஆரோ-3 கூட்டுத் தயாரிப்பு என்பதால் அதை ஜெர்மனிக்கு விற்க இஸ்ரேல் அமெரிக்காவின் ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது. இங்கே பணம் கொடுத்தவர் கையில் தொழில்நுட்பமும் ஒரு பிடியும் இருக்கின்றன. இதை உதவி என்று எழுதுவதைவிடக் கூட்டு முதலீடு என்று எழுதுவதே சரி.

செலவை ஊதிப் பெரிதாக்கவும் கூடாது. 380 கோடி டாலர் என்பது அமெரிக்க அரசின் மொத்தச் செலவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆளுக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 11 டாலர். இதை நிறுத்தினால் உள்நாட்டில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் முளைத்துவிடும் என்ற வாதம் நிற்காது. இந்தத் திட்டத்தை எதிர்க்க வேண்டுமானால் அதன் விதிகளை வைத்து எதிர்க்க வேண்டும். தொகையை வைத்து எதிர்ப்பது பலவீனமான வழி. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். போடும் தொகை சிறிதாக இருந்தாலும் அளவுகோல் எங்கே என்று கேட்கலாம்.

எது பழுதாகிறது, ஏன்

பெரிய பழுது, முன்கூட்டியே கைநீட்டும் வசதி. சாதாரண நாடு 100 கோடிக்கு ஆர்டர் கொடுத்தால், அந்த 100 கோடிக்கும் நிதி ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். இஸ்ரேலுக்குப் பணப்புழக்க முறை என்ற சலுகை உண்டு: இந்த ஆண்டு கட்ட வேண்டிய தவணைக்கு மட்டும் பணம் இருந்தால் போதும், மீதியை இனி வரப்போகும் மானியத்திலிருந்து கட்டுவதாகச் சொல்லி ஒப்பந்தம் போடலாம். கேட்பதற்குச் சின்ன விஷயம்போல் இருக்கும். விளைவு பெரியது. காங்கிரஸ் இன்னும் ஒதுக்காத பணத்தை நம்பி அமெரிக்கத் தொழிற்சாலைகளில் உற்பத்தி ஓடுகிறது. அடுத்த ஆண்டு மானியத்தைக் குறைக்கலாமா என்று விவாதிக்கும்போது, குறைத்தால் ஒப்பந்தங்கள் முறியும், நிறுவனங்கள் இழப்பீடு கேட்கும், தொகுதியில் வேலை போகும் என்ற நிலை ஏற்கெனவே உருவாகியிருக்கும். மேலே சொன்ன எஃப்-15 கொள்முதலின் தவணைகள் 2028-ஐத் தாண்டி ஓடும். அமெரிக்க உதவித் தொகுப்பிலிருந்து கட்டப்படும் கொள்முதல் அது. அதாவது, எழுதப்படாத அடுத்த ஒப்பந்தத்தின் ஒரு பகுதி இப்போதே செலவழிக்கப்பட்டுவிட்டது.

செலவழிக்கும் இடத்தைப் பற்றிய விதி அடுத்தது. முந்தைய ஒப்பந்தக் காலத்தில் மானியத்தில் 26.3 சதவீதத்தை இஸ்ரேலுக்குள்ளேயே, தன் சொந்த ஆயுதத் தொழிலிடம் செலவழிக்கலாம் என்ற சலுகை இருந்தது. வேறு எந்த நாட்டுக்கும் இந்த அளவுக்குக் கிடைக்காத சலுகை. 2016 ஒப்பந்தம் இதைப் படிப்படியாக மூடுகிறது: 2019-ல் 81.53 கோடி, 2028-ல் பூஜ்யம். முதல் சில ஆண்டுகளில் குறைப்பு மிகக் கொஞ்சம், பெரிய வெட்டு கடைசி ஆண்டுகளில். எரிபொருள் வாங்க மானியத்தைப் பயன்படுத்தும் வழக்கமும் நின்றது. அமெரிக்கப் பக்கத்திலிருந்து பார்த்தால் இது சரியான திருத்தம். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 330 கோடியையும் அமெரிக்காவில்தான் செலவழித்தாக வேண்டும் என்றால், உள்நாட்டில் மலிவாகவோ சிறப்பாகவோ கிடைக்கும் பொருளையும் அமெரிக்காவில் வாங்கும் பழக்கம் வரும். இஸ்ரேல் நிறுவனங்கள் அமெரிக்காவில் துணை நிறுவனங்கள் நடத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். விலை பார்க்காத வாடிக்கையாளர் ஒருவர் நிரந்தரமாகக் கடைக்கு வந்தால் விற்பவருக்கு விலையைக் குறைக்க எந்த அவசியமும் இல்லை. அந்த வாடிக்கையாளர் செலவழிக்கும் காசு அவருடையதாகவும் இல்லாதபோது கேட்கவே வேண்டாம்.

விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தாமல் தொகையை அதே டாலர் எண்ணில் நிலையாக வைத்ததும் ஒரு வினோதமான முடிவு. 2019-க்கும் 2024-க்கும் இடையே அமெரிக்காவில் விலைவாசி 22 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. 2024-ன் 330 கோடிக்கு 2019-ன் 270 கோடி அளவுக்கே பொருள் வரும். எதிர்பார்க்கக்கூடிய விளைவு: ஒப்பந்தத்தின் இறுதிக்கு வரும்போது கூடுதல் கேட்கும் அழுத்தம். ஒப்பந்தத் தொகையை இரு தரப்பும் மதிக்க வேண்டும் என்று வாசகம் இருந்தாலும் போர்க்காலத்துக்கு விலக்கு உண்டு. காஸா போரின்போது, 2024 ஏப்ரல் கூடுதல் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் எஃப்.எம்.எஃப்.-க்கு மட்டும் 350 கோடி, அயர்ன் டோமுக்கும் டேவிட்ஸ் ஸ்லிங் என்ற இன்னொரு தடுப்பு ஏவுகணை அமைப்புக்கும் 400 கோடி, அயர்ன் பீம் என்ற லேசர் தடுப்பு அமைப்புக்கு 120 கோடி சேர்ந்தது. போர் நடக்கும்போது கூடுதல் உதவி சரியா தவறா என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். பத்தாண்டுத் தொகை என்பது உச்சவரம்பு என்று நம்பி யாராவது கணக்குப் போட்டிருந்தால் அந்தக் கணக்கு தப்பு.

மிக முக்கியமான பழுது பிடிமானம். உதவி கொடுப்பதால் செல்வாக்கு கிடைக்கிறது என்பதுதான் திட்டத்துக்கு வாஷிங்டனில் சொல்லப்படும் நியாயம். அந்தச் செல்வாக்கைப் பயன்படுத்த உதவும் கருவிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தால் எல்லாமே தளர்ந்திருக்கின்றன. பெரிய விற்பனைகளைக் காங்கிரஸுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மற்ற நாடுகளுக்கு 30 நாள். நேட்டோ நாடுகள், ஜப்பான், ஆஸ்திரேலியா, தென்கொரியா, நியூசிலாந்து, இஸ்ரேல் ஆகியவற்றுக்கு 15 நாள்தான். முக்கியத் தளவாடம் 2.5 கோடி டாலரையோ, மொத்த விற்பனை 10 கோடியையோ எட்டினால்தான் இந்தத் தெரிவிப்பே தேவை. அதற்குக் கீழே எத்தனை விற்பனை நடந்தாலும் இந்த வழியில் காங்கிரஸுக்குத் தகவல் வராது. அவசரப் பிரிவைப் பயன்படுத்தி 15 நாளையும் தாண்டிவிடலாம். 2023 டிசம்பரில் இரண்டு முறை அப்படி நடந்தது. எதிர்ப்புத் தீர்மானம் மூலம் எந்த ஆயுத விற்பனையையும் காங்கிரஸ் இதுவரை வெற்றிகரமாகத் தடுத்ததில்லை. 1986-ல் சவூதி அரேபியாவுக்கான விற்பனையில் கிட்டத்தட்ட எட்டிவிட்டது, அதிபர் ரீகன் ரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தினார்.

மனித உரிமை மீறும் ராணுவப் பிரிவுகளுக்கு உதவி போகக் கூடாது என்று லீஹி சட்டம் சொல்கிறது. பயிற்சிக்கு ஆள் அனுப்பும் சிறிய நாட்டிடம் இது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் எந்தப் பிரிவு, எந்த அதிகாரி என்று பெயர் பெயராகச் சோதிக்கலாம். 330 கோடிக்கு மொத்தமாக வாங்கப்படும் குண்டும் உதிரிபாகமும் எந்தப் பிரிவின் கிடங்குக்குப் போகிறது என்று கொடுக்கும் நேரத்தில் தெரியாது. சோதனை செய்ய வேண்டிய இடத்தில் சோதிக்கப் பெயரே இல்லை. கடைசியில் கையில் மிஞ்சுவது, அனுப்ப வேண்டிய ஆயுதச் சரக்கை நிறுத்திவைப்பது மட்டும். 2024 மே மாதம் பைடன் அரசு 2,000 பவுண்டு எடையுள்ள 1,800 குண்டுகளையும் 500 பவுண்டு எடையுள்ள 1,700 குண்டுகளையும் நிறுத்திவைத்தது. சிறியவற்றை அந்த ஜூலையிலேயே விடுவித்தது. பெரியவற்றை 2025 ஜனவரியில் டிரம்ப் அரசு விடுவித்தது. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கோடி கொடுக்கும் அரசின் கையில் இருந்த பிடி அவ்வளவுதான்.

வாங்கும் பக்கத்துக்கும் இதில் நஷ்டம் உண்டு. லாவி என்ற சொந்தப் போர் விமானத்தை இஸ்ரேல் பெருமளவு அமெரிக்கப் பணத்தில் உருவாக்கிக்கொண்டிருந்தது. செலவு ஏறியது, அமெரிக்கா எதிர்த்தது. 1987 ஆகஸ்ட் 30-ல் அமைச்சரவை 12-க்கு 11 என்ற ஒரே ஓட்டு வித்தியாசத்தில் திட்டத்தைக் கைவிட்டது. அடுத்தவர் பணத்தில் கட்டும் வீட்டுக்கு வரைபடம் அவரிடமிருந்துதான் வரும் என்பது இஸ்ரேல் பொறியாளர்களுக்கு நன்றாகத் தெரியும். வாங்குபவருக்கு ஒரு மதிப்பெண் குறைத்ததற்கு இதுதான் காரணம்.

இதே வேலைக்கு வேறு என்ன கிடைக்கிறது

மாற்று இல்லை என்று சொல்ல முடியாது. எஃப்.எம்.எஃப்.-க்குள்ளேயே கடன் என்ற வடிவம் இருக்கிறது. 2023 செப்டம்பரில் போலந்துக்கு 200 கோடி டாலர் நேரடிக் கடன் கொடுத்தார்கள். அந்தக் கடனுக்கான அரசுச் செலவாக ஒதுக்கியது அதிகபட்சம் 6 கோடி, அதாவது 3 சதவீதம். போலந்தும் உயர் வருமான நாடுதான், அதுவும் நிஜமான ஆபத்தின் எல்லையில் இருக்கிறது, அதுவும் அமெரிக்க ஆயுதம்தான் வாங்குகிறது. அதே விகிதத்தில் 330 கோடியைக் கடனாகக் கொடுத்தால் அமெரிக்காவுக்கு ஆகும் செலவு சுமார் 10 கோடி. 2023-ல் தொடங்கிய காஸா போருக்குப் பின் இஸ்ரேலின் கடன் தரமதிப்பீடு இறங்கியிருப்பதால் இந்த விகிதம் கூடும். மூன்று மடங்கு என்றே வைத்துக்கொண்டாலும் 30 கோடி. அமெரிக்கத் தொழிற்சாலைக்கு அதே ஆர்டர் கிடைக்கும், விமானமும் அதே நாளில் வரும். வாங்குபவர் விலையைக் கவனிக்கத் தொடங்குவார்.

கடனுக்கு இன்னொரு நல்ல குணம், நிபந்தனையைக் கணக்கில் எழுத முடிவது. 1991-ல் இஸ்ரேல் கேட்ட 1,000 கோடி டாலர் கடன் உத்தரவாதத்தை அப்போதைய அதிபர் மூத்த புஷ், ஆக்கிரமித்த பாலஸ்தீனப் பகுதிகளில் இஸ்ரேல் கட்டும் குடியேற்றங்களைக் காட்டித் தள்ளிப்போட்டார். அடுத்த ஆண்டுதான் ஒப்புக்கொண்டார். 2003-ல் தந்த 900 கோடி உத்தரவாதத்தில், குடியேற்றங்களுக்குச் செய்யும் செலவைக் கழித்துக்கொள்ளும் விதி இருந்தது. அந்த ஆண்டே 28.95 கோடி டாலர் கழிக்கப்பட்டது. பெரிய தொகை அல்ல. ஆனாலும் விதி எழுதப்பட்டது, எண் கணக்கிடப்பட்டது, கழிக்கப்பட்டது. மானியத் திட்டத்தில் இத்தனை ஆண்டுகளில் இப்படி ஒரு கழித்தல் விதி வரவே இல்லை.

ஆசியாவில் இருக்கும் பணக்கார நட்பு நாடுகளிடம் திசையே மாறுகிறது. தென்கொரியா அமெரிக்கப் படைகள் தங்குவதற்கான செலவில் தன் பங்கைக் கட்டுகிறது. 2024-ல் கையெழுத்தான உடன்பாட்டின்படி 2026-க்கு 1.52 டிரில்லியன் வோன், முந்தைய ஆண்டைவிட 8.3 சதவீதம் கூடுதல். ஜப்பானும் கட்டுகிறது. ஒரு காலத்தில் அமெரிக்க உதவியில் வாழ்ந்த தென்கொரியா 2010-ல் உதவி தரும் நாடுகளின் குழுவிலேயே சேர்ந்துவிட்டது. அங்கே அமெரிக்கப் படை நிற்கிறது, இஸ்ரேலில் அப்படி நிற்பதில்லை, அதனால் ஒப்பீடு சரியில்லை என்பார்கள். பாதி நியாயம். ஆனால் மானியம் இல்லாவிட்டால் கூட்டணி உடையும் என்ற பயத்துக்கு தென்கொரியாவும் ஜப்பானும் போதுமான பதில்.

நிறுத்த முடியுமா

முடியும் என்பதற்கு இதே நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு, அதுவும் வாங்குபவரே முன்வந்து கேட்டது. 1990-களில் ராணுவ மானியத்தோடு ஆண்டுக்கு 120 கோடி டாலர் பொருளாதார உதவியும் போய்க்கொண்டிருந்தது. 1996 ஜூலை 10-ல் அமெரிக்கக் காங்கிரஸில் பேசிய இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு, இஸ்ரேல் இந்தப் பொருளாதார உதவியைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும் என்று அறிவித்தார். 1999 நிதியாண்டில் தொடங்கி ஆண்டுக்கு 12 கோடி குறைத்தார்கள். அதில் பாதியான 6 கோடியை ராணுவ மானியத்தில் கூட்டினார்கள். 2008-ல் பொருளாதார உதவி பூஜ்யமானது. இரண்டு ஆண்டு கழித்து அந்த நாடு ஓ.இ.சி.டி.-யில் சேர்ந்தது. பொருளாதாரம் குலையவில்லை, நட்பும் முறியவில்லை. ஒரேயொரு கோளாறு, பாதியை இன்னொரு பைக்கு மாற்றியது. இன்று குறைக்க வேண்டியிருப்பது அந்தப் பையைத்தான்.

2023-ல் இஸ்ரேலின் ராணுவச் செலவு 2,750 கோடி டாலர் என்று ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம் கணக்கிடுகிறது. அதோடு ஒப்பிட்டால் ஆண்டு மானியம் 12 சதவீதம். 2024-ல் செலவு 4,650 கோடியாக எகிறியபோது அதே 330 கோடி 7 சதவீதமாகச் சுருங்கியது. ஒரே ஆண்டில் 1,900 கோடி கூடுதலாகத் திரட்ட முடிந்த நாட்டுக்கு 330 கோடியைப் பத்தாண்டில் விட்டுக்கொடுப்பது எட்டாத காரியமல்ல.

2028-க்குப் பிறகான ஒப்பந்தம் வெளியாகும்போது தலைப்புத் தொகையை விட்டுவிட்டு இந்த இடங்களைத் தேடிப் படிக்க வேண்டும். ஒதுக்கீட்டு வாசகத்தில் 'மானியமாக மட்டுமே' என்ற சொற்கள் இருக்கின்றனவா, கடனுக்கு வழிவிட்டிருக்கிறார்களா. 30 நாள் மொத்தப் பட்டுவாடா போய், இன்வாய்ஸுக்கு ஏற்ற பட்டுவாடா வந்திருக்கிறதா. பணப்புழக்க முறை ஒப்பந்தக் காலத்துக்குள் முடியும் தவணைகளுக்கு மட்டும் என்று வரையறுத்திருக்கிறார்களா. இதை மூடாமல் மற்றதைக் குறைத்தால் அடுத்த பத்தாண்டும் முன்கூட்டியே செலவாகிவிடும். குறைப்பு அட்டவணை இருந்தால் வெட்டு முதல் ஆண்டுகளிலேயே தொடங்குகிறதா, உள்நாட்டுக் கொள்முதல் சலுகைக்குச் செய்ததுபோலக் கடைசி ஆண்டுகளுக்குத் தள்ளியிருக்கிறார்களா. மானியத்தில் குறைத்ததைக் கூட்டு ஆராய்ச்சி என்ற பெயரில் பென்டகன் பட்ஜெட்டுக்கு மாற்றியிருக்கிறார்களா. மாற்றியிருந்தால் அந்தத் தொழில்நுட்பத்தின் உரிமையும் மறுவிற்பனை ஒப்புதலும் அமெரிக்காவிடம் இருக்கிறதா. ஆரோ-3 போல இருந்தால் அந்தப் பணத்தை எதிர்க்கக் காரணமில்லை. இல்லையென்றால் 1999-ல் தொடங்கிய அதே பை மாற்றல்தான் மறுபடி நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.